கால்வாய்க்கரைக்கு எந்த மேப்?

"மேப்புல நாம இருந்தா நல்லதா, இல்லாம இருந்தா நல்லதா தம்பி?"

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அக்கா பேச்சை இப்படித்தான் ஆரம்பித்தார். சென்னையில் ஒரு கால்வாய்க் கரையை ஒட்டி 200 சொச்சம் வீடுகள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரண்ட் மீட்டர் எல்லாம் உண்டு. பட்டா மட்டும் கிடையாது. போனில் மேப்பைத் திறந்தால் கால்வாய் இருக்கிறது, பாலம் இருக்கிறது, எதிர்க்கரை அபார்ட்மெண்டின் பெயரும் அதற்குள் இருக்கும் ஜிம்மும்கூட இருக்கின்றன. இந்தக் கரை வெறும் சாம்பல் நிறம். ஊருக்கெல்லாம் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் சிலர் இங்கேதான் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பார்சல் வந்தால் பாலத்தடி டீக்கடையில் போய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் சிலர், மக்களோடு சேர்ந்து டிஜிட்டல் வரைபடம் போட்டுத் தருகிறோம் என்று வந்திருந்தார்கள். எந்த முறையில் போடுவது என்று சங்கம்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த மாதிரி வேலைகளுக்கு நான் சில வருடங்களாக ஒத்தாசை செய்கிறேன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அங்கே சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அக்காவின் கேள்வி. இந்த ஊரில் கணக்கெடுக்க ஆள் வந்தாலே "காலி பண்ணப் போறாங்க" என்றுதான் பேச்சு கிளம்பும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்து அரசு மாற்றுக் குடியிருப்புக்குப் போன சொந்தக்காரர்கள் இங்கே பலருக்கு இருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் எண் விழுந்தது, அப்புறம் லாரி வந்தது என்ற வரிசையில்தான் அது அவர்கள் நினைவில் நிற்கிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் எந்தக் கணக்கிலும் இல்லாமல் இருப்பதும் பாதுகாப்பு இல்லை. 1971-இன் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்படி சென்னையில் அப்போது 1,202 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் இன்னும் 17 சேர்ந்தன. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அந்தப் பட்டியல் அப்படியே நின்றுவிட்டது, ஊர் நிற்கவில்லை. பட்டியலில் இருந்தால் தண்ணீரும் தெருவிளக்கும் கேட்க ஒரு பிடி இருக்கிறது, காலி செய்வதென்றாலும் அதற்குச் சட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. இல்லாதவர்கள் கவுன்சிலரின் நல்ல மனசை நம்பி இருக்க வேண்டியதுதான். 2010 வாக்கில் நித்யா ராமன் தொடங்கிய டிரான்ஸ்பரண்ட் சென்னை என்ற முயற்சி, பட்டியலுக்கு வெளியே நின்ற குடியிருப்புகளையும் ஊரின் பொதுக் கழிப்பிடங்களையும் வரைபடத்தில் கொண்டுவர மெனக்கெட்டது. தகவல் இல்லாத இடத்தைப் பற்றி அரசிடம் வாதாட முடியாது என்பதுதான் அதன் அடிப்படை.

ஆகவே அக்காவுக்கு இப்படிச் சொன்னேன்: குழாயும் கழிப்பிடமும் பாதையும் எல்லோரும் பார்க்கிற மேப்பில் இருந்தால் நல்லது. வீடும் பெயரும் இருக்கிற மேப் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நல்லதும் கெட்டதும். கருவி அப்புறம்.

ஊருக்கே திறந்த மேப்

மாணவர்களின் முதல் யோசனை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் தொடங்கியது, விக்கிப்பீடியா போல யாரும் சேர்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். காசு கிடையாது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற செயலிகள் இந்தத் தரவில்தான் ஓடுகின்றன. தமிழ்ப் பெயருக்கு தனியாக ஓர் இடம் இருக்கிறது; "பெரியபாளையத்தம்மன் கோயில் சந்து" என்று நாம் சொல்கிறபடியே எழுதலாம்.

குடிசைப்பகுதிகளில் இந்த முறைக்குப் பெரிய முன்னுதாரணம் கென்யாவின் தலைநகரான நைரோபியில் இருக்கும் கிபேரா. கிபேரா என்றால் நூபிய மொழியில் காடு. 2009 வரைக்கும் இணைய வரைபடங்களில் அது கிட்டத்தட்ட வெற்றிடம். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஒரு நகரமே இருந்தது. அந்த ஆண்டு எரிகா ஹேகன், மிக்கெல் மரோன் இருவரும் அங்கே வந்து, கிபேராவின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த இளைஞர்களுக்கு ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்துப் பழக்கினார்கள். பையன்களும் பெண்களும் சந்து சந்தாக நடந்தார்கள். சில வாரங்களில் கிளினிக், கழிப்பிடம், தண்ணீர் விற்கும் இடம், பள்ளி, தேவாலயம் எல்லாம் வரைபடத்தில் ஏறின. மேப் கிபேரா என்ற பெயரில் அது இன்றுவரை பேசப்படுகிறது.

பேசப்படாத பாதிதான் எனக்கு முக்கியம். இணையத்தில் அழகாக ஏறிய அந்த மேப்பைக் கிபேராவில் குடியிருப்பவர்கள் பெரிதாகப் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்கு என்ன அவசியம்? கழிப்பிடம் எங்கே என்று அவர்களுக்கே தெரியும். அப்புறம்தான் சுகாதாரம், பாதுகாப்பு, பள்ளி, தண்ணீர் என்று தனித்தனியாகத் தாளில் அச்சடித்து, கூட்டம் போட்டு, "இந்த முனையில் இரவில் பயம்", "இந்தக் குழாயில் தண்ணீர் வருவதில்லை" என்று பேச வைத்தார்கள். சுவரிலும் வரைந்தார்கள். மேப் அந்த இடத்தில்தான் உயிர் பெற்றது.

இன்னொரு விஷயம். கிபேராவில் 10 லட்சம் பேர் என்று பலரும் எழுதிவந்தார்கள். 2009 கென்ய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது 1,70,070. எது சரி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. புள்ளி வைக்கிற மேப்பால் அந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது. அதில் குழாய் தெரியும், குழாயடியில் எத்தனை குடம் காத்திருக்கிறது என்பது தெரியாது.

எங்கள் கால்வாய்க்கரைக்கு இதன் லாபம் தெளிவு: ஆம்புலன்ஸுக்கு வழி காட்டலாம், "இத்தனை வீட்டுக்கு இரண்டே கழிப்பிடம்" என்று படம் போட்டு மண்டல அலுவலகத்தில் வைக்கலாம். நஷ்டமும் தெளிவு. ஏற்றியதை அழித்தாலும் பழைய பதிப்பு அந்த மேப்பின் திருத்த வரலாற்றில் இருக்கும். நிலத்தின் மேல் கண் வைத்திருக்கிறவரும் அதே மேப்பைத்தான் பார்ப்பார். தனி ஆட்களின் பெயரை அதில் ஏற்றுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சமூகத்தின் வழக்கமும் இல்லை, ஏற்றவும் கூடாது. அப்புறம், பூட்டிய கழிப்பிடம் மேப்பில் திறந்தே கிடக்கும், யாராவது போய் மாற்றாவிட்டால். மாணவர்கள் கோர்ஸ் முடிந்து போய்விடுவார்கள் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

"கூகுள்லயே சேத்துட்டா போதாதா அண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். கடை, கோயில் சேர்க்கலாம், சேர்க்கட்டும். ஆனால் சேர்த்ததை மொத்தமாகத் திரும்ப எடுத்து நம் கையில் வைத்துக்கொள்ள வழியில்லை. மக்களையே வரையச் சொன்ன கூகுள் மேப் மேக்கர் 2008-இல் வந்து 2017-இல் மூடப்பட்டது; அதில் இரவு பகலாக உழைத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கூகுளின் பிளஸ் கோடு மட்டும் வேறு ரகம். தெருப்பெயரே இல்லாத இடத்துக்கும் ஒரு முகவரி எண் கொடுத்துவிடும், இணையம் இல்லாமலே கணக்கிடலாம். கொல்கத்தாவின் பஸ்திகளில், அதாவது குடிசைப்பகுதிகளில், வீடுகளுக்கு முகவரி கொடுக்க இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு சிக்கல்: வழக்கமான 10 இலக்கக் குறியீடு ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் சதுரம். நம் சந்தில் அதற்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகள் அடங்கிவிடும். இன்னொரு இலக்கம் கூட்டினால் 3 மீட்டர் அளவுக்கு இறங்கும், அது தேவலாம். மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் அப்போதும் ஒரே குறியீடுதான். பார்சல் பிரச்சினைக்கு இது போதும், வேறெதற்கும் போதாது.

சங்கத்துப் பெட்டியில் இருக்கும் கணக்கு

இரண்டாவது வழி, வெளியே ஏற்றாத கணக்கெடுப்பு. இதில் மேப் பாதி, பதிவேடு பாதி.

இதன் வேர் டிஜிட்டல் காலத்துக்கு முந்தையது. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. நடைபாதையில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள் என்று எந்த அரசுக் காகிதத்திலும் இல்லை. ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதைப் பெண்களோடு சேர்ந்து சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. நேற்று வந்தவர்கள் இல்லை, நகரத்துக்கு வேலை செய்கிறவர்கள் என்று அதன் மூலம் காட்ட முடிந்தது. பிற்பாடு ஸ்பார்க்கோடு கைகோத்த குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவர் ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர். அரசு கணக்கெடுக்க வருவதற்கு முன் நாமே நம்மைக் கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் வழிமுறையாகவே ஆனது. 1996-இல் தொடங்கிய சர்வதேசக் குடிசைவாசிகள் அமைப்பின் வழியாக அது ஆப்பிரிக்க நகரங்களுக்கும் போனது. அற்புதம் 2018-இல் காலமானார்.

வேலை நடக்கும் விதம் இது. கதவுக்குக் கதவு எண் போடுவது, சங்கத்து ஆட்களே கேள்வி கேட்பது, பட்டியலை அச்சடித்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவது. ஒட்டிய அன்றைக்கு வரும் சண்டைதான் இதில் மிக மதிப்புள்ள பகுதி. "என் வீடு விட்டுப்போச்சு", "அவன் இங்க இருக்கிறதே இல்ல, பூட்டு போட்டு வெச்சிருக்கான்" என்று கிளம்பும். அதைச் சங்கமே உட்கார்ந்து தீர்த்த பிறகு அந்தப் பட்டியலை வெளியாள் எவரும் எளிதில் மறுக்க முடியாது. எந்தச் செயலியாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. தாண்டிப் போகிறேன் என்கிற திட்டத்தை நான் நம்புவதில்லை.

இன்று கேள்வி கேட்கப் படிவத்தாள் வேண்டியதில்லை. ஓ.டி.கே., கோபோ டூல்பாக்ஸ் என்று கருவிகள் இருக்கின்றன. எக்செல் தாளில் கேள்விகளைத் தமிழிலேயே எழுதி ஏற்றினால் ஆண்ட்ராய்டு போனில் படிவமாகத் திறக்கும். இணையம் இல்லாத சந்திலும் வேலை செய்யும், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளும். தனிக் கழிப்பறை இல்லை என்று பதில் வந்தால் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கும், உண்டு என்றால் கேட்காது. பத்தாவது படித்த பிள்ளை அரை நாளில் பழகிவிடும். ஆதார் எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்கி வைக்காதீர்கள். இருக்கிறதா இல்லையா என்பது போதும்.

இங்கே நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறொரு குடியிருப்பில், ஒவ்வொரு வாசலிலும் நின்று போனில் ஜி.பி.எஸ். புள்ளி வைத்தால் மேப் தானாக வந்துவிடும் என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடினோம். சாயங்காலம் கணினியில் திறந்தால் பாதி வீடுகள் கால்வாய்த் தண்ணீருக்குள் நிற்கின்றன. கணக்கு எளிது. திறந்த வானத்தின் கீழேயே போன் ஜி.பி.எஸ். 5 மீட்டர் அளவுக்குப் பிசகும். தகரக் கூரைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் சந்தில் இன்னும் மோசம். பத்துக்குப் பத்து வீட்டின் அகலம் 3 மீட்டர். அப்படியென்றால் புள்ளி பக்கத்து வீட்டையும் தாண்டி அதற்கடுத்த வீட்டில் விழும். கூட வந்த தாத்தா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்மள ஏற்கெனவே தள்ளிட்டீங்களே" என்றார்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டது: பெரிய தாளில் செயற்கைக்கோள் படத்தை அச்சடித்து, அதன் மேல் சிவப்புப் பேனாவால் வீட்டு எல்லையை மக்களையே போடச் சொல்லி, எண் எழுதி, அந்த எண்ணைக் கோபோ படிவத்தோடு இணைப்பது. தாளில் போட்டதைக் கணினியில் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால், படத்துக்கும் படிவத்துக்கும் நடுவே வீட்டு எண்தான் பாலம். ஃபீல்டு பேப்பர்ஸ் என்ற கருவியும் இருக்கிறது. மேப்பைத் தாளாக அச்சடித்துக் கொடுக்கும், கிறுக்கிய தாளைப் போட்டோ எடுத்துப் போட்டால் சரியான இடத்தில் பொருத்திக்கொடுக்கும். தாளைத் தனி வழி என்று நான் எண்ணுவதே இல்லை. எந்த வழியில் போனாலும் முதல் படி அதுதான். போனைப் பிடித்திருப்பவரை மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தரையில் விரித்த தாளைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து "இது எங்க சித்தி வீடு" என்பார்கள்.

வீட்டு எல்லை கணினியில் ஏறிய பிறகு வருவாய்த் துறையின் புலப்படத்தையும் அதன் மேல் போட்டுப் பார்க்கலாம். நாம் நிற்பது எந்த சர்வே எண், அது கால்வாய்ப் புறம்போக்கா, சாலைப் புறம்போக்கா, வேறு துறையின் நிலமா என்று தெரியும். இங்கே பலருக்கும் மொத்தக் குடியிருப்பும் ஒரே வகைப் புறம்போக்கு என்ற எண்ணம். பாதி வீடுகள் வேறு வகை நிலத்தில் இருந்தால் பேச்சுவார்த்தையே மாறும். எனக்கு இந்த வழி பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இது.

புனேயின் ஷெல்டர் அசோசியேட்ஸ் 1993 முதல் செய்துவருவதையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுத்து மேப்பில் வைத்து, எந்த வீட்டில் கழிப்பறை இல்லை, அதன் பக்கத்தில் பாதாளச் சாக்கடைக் குழாய் போகிறதா என்று பார்த்து, போகிற இடங்களில் வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்ட ஏற்பாடு செய்கிறார்கள். கட்டுமானப் பொருளை அவர்கள் வாசலில் இறக்குவார்கள், கட்டும் கூலி வீட்டுக்காரருடையது. கேள்வி ஒன்று, மேப் ஒன்று, அதன் முடிவில் ஒரு பீங்கான் கோப்பை. இந்தத் துறையில் இவ்வளவு நேர்கோட்டில் போகிற வேலை அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. க்யூ.ஜி.ஐ.எஸ். தெரிந்த ஒரே ஆள் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டால் கோப்பு செத்துவிடும். கோபோவின் சர்வர் வெளிநாட்டில். சொந்த சர்வரில் நிறுவலாம், ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். எல்லாவற்றையும் விட, கோப்பு யாருடைய லேப்டாப்பில் இருக்கிறது? ஒரு குடியிருப்பில் நாங்கள் எடுத்த கணக்கை உதவ வந்த ஓர் அமைப்பிடம் கொடுத்து வைத்தோம். பெயர் வேண்டாம். இரண்டு வருடம் கழித்துச் சங்கம் திருப்பிக் கேட்டபோது, பார்த்துக்கொண்டவர் மாறிவிட்டார், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. தங்கள் வீட்டின் நீள அகலத்தை மக்கள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

மேலேயிருந்து

மூன்றாவது ட்ரோன். மாணவர்களுக்கு இதில்தான் ஆசை அதிகம், ஒளித்துப் பயனில்லை.

ட்ரோனை நன்றாகப் பயன்படுத்திய இடமென்றால் நம் நாட்டிலேயே ஒடிசா இருக்கிறது. 2017-இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரும் சட்டம் போட்டார்கள். ஜாகா திட்டத்தின் கீழ் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்து, அதன் மேல் வீட்டு எல்லைகளை வரைந்து, ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்து, குடியிருப்போர் சங்கங்களின் ஒப்புதலோடு சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த உரிமை வாரிசுக்குப் போகும், அடமானம் வைக்கலாம், விற்க முடியாது. கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் சட்டம், அப்புறம் ட்ரோன். நிலம் தருகிறோம் என்று அரசு சொன்ன பிறகு வானத்தில் பறந்த ட்ரோனைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. எங்கள் கால்வாய்க்கரைக்கு மேல் அதே ட்ரோன் பறந்தால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே ஓடி வருவார்கள்.

தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரம் இன்னொரு கதை. அங்கே அடிக்கடி வெள்ளம். 2015-இல் ரமணி ஹுரியா என்று ஒரு திட்டம் தொடங்கியது. சுவாஹிலியில் திறந்த வரைபடம் என்று பொருள். உலக வங்கி, செஞ்சிலுவை, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மனிதாபிமானக் குழு, பல்கலைக்கழக மாணவர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். ட்ரோன் படத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டு, மாணவர்களும் குடியிருப்பவர்களும் வடிகால்களை ஒவ்வொன்றாக நடந்து அளந்தார்கள்: எவ்வளவு ஆழம், எங்கே அடைப்பு, எங்கே குப்பை. வெள்ளம் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக் குறித்தார்கள். வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோட்டை ட்ரோனால் பார்க்க முடியாது. அதை முழங்கால் அளவு, இடுப்பு அளவு என்று பாட்டிகள்தான் சொல்ல முடியும்.

ட்ரோனின் பலம் துல்லியம். 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 3, 4 சென்டிமீட்டர். காசு கொடுத்து வாங்கும் நல்ல செயற்கைக்கோள் படம் 30 சென்டிமீட்டர். 200 வீட்டுக் குடியிருப்பை ஒரு பேட்டரியில் முடித்துவிடலாம், ஓப்பன்ட்ரோன்மேப் என்ற இலவச மென்பொருளில் படங்களை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு துல்லியமாகப் பார்த்தாலும் தெரிவது கூரைதான். ஒரே நீலத் தார்ப்பாயின் கீழ் மூன்று குடும்பம் இருக்கும், ஒரு குடும்பத்துக்கு இரண்டு தகரம் இருக்கும். கீழே வந்து கேட்டே ஆக வேண்டும்.

சட்டப் பக்கம் முன்பு போல இறுக்கம் இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்களின்படி இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. பச்சையில் பறக்கவிட அனுமதி கேட்க வேண்டாம், சிவப்பில் மத்திய அரசே அனுமதி தர வேண்டும். சென்னையில் விமான நிலையம், துறைமுகம், ராணுவ வளாகம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் நிறத்தைப் பார்க்காமல் பறக்கவிட்டால், ட்ரோன் போவது மாணவர்களுக்கு, பதில் சொல்லப் போவது சங்கத்துக்கு.

இன்னொன்றும் உண்டு, மாணவர்கள் யோசித்திருக்கவில்லை. இங்கே பல வீடுகளில் குளியல் மறைப்புக்குக் கூரை கிடையாது. 100 மீட்டரிலிருந்து யாரையும் அடையாளம் தெரியாது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். அது உள்ளே குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாதே.

எதை முதலில் வரைவது

மூன்றையும் அலசி முடித்தபோது கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "இதையெல்லாம் போட்டு என்ன ஆகப்போகுது?" முதலிலேயே வந்திருக்க வேண்டிய கேள்வி. அவருக்கு நான் கராச்சியைச் சொன்னேன்.

ஒராங்கி கராச்சியின் ஓரத்தில் இருக்கும் மிகப் பெரிய முறைசாராக் குடியிருப்பு. 1980-இல் அக்தர் ஹமீத் கான் அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கினார். இருபது முப்பது வீடுகள் சேர்ந்த ஒரு சந்து, தன் சாக்கடைக் குழாயைத் தானே காசு போட்டுத் தானே பதித்துக்கொள்ளும். பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பாடு. குழாய் பதிக்க வேண்டுமென்றால் சரிவு தெரிய வேண்டும், சரிவு தெரிய வேண்டுமென்றால் வரைய வேண்டும். அப்படிச் சந்து சந்தாக வரையத் தொடங்கியவர்கள், பர்வீன் ரஹ்மானின் தலைமையில், நகரத்தின் ஓடைகளையும் வடிகால்களையும் வரைந்து முடித்தார்கள். கழிவுநீர் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்பதை அந்தப் படங்கள் காட்டின. அரசின் திட்டங்கள் வேறு எங்கோ குழாய் போட்டுக்கொண்டிருந்தன. ட்ரோனும் இல்லை, செயலியும் இல்லை. உள்ளூர் இளைஞர்களும் அளவுக் கருவிகளும்தான்.

பர்வீன் நகர விளிம்பில் இருந்த பழைய கிராமங்களின் நில விவரங்களையும் ஆவணமாக்கிவந்தார், நிலத்தைச் சுருட்டுகிறவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சாக்கடையின் வரைபடத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, நிலத்தின் வரைபடம் அப்படி இல்லை. சங்கத்தில் இதைச் சொல்லலாமா என்று தயங்கினேன், பிறகு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சரி, முடிவு. நான் பரிந்துரைத்தது இரண்டு மேப். ஒன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில்: பாதை, குழாய், தண்ணீர் லாரி நிற்கும் இடம், கழிப்பிடம், கோயில், அங்கன்வாடி. வீடு கிடையாது. இன்னொன்று சங்கத்தின் கையில்: வீட்டு எல்லை, குடும்பம், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், அதற்கு என்ன ஆதாரம், வெள்ளம் எதுவரை வந்தது. கோபோவில் எடுத்து, இறக்கி, சர்வரிலிருந்து அழித்துவிட வேண்டும். ட்ரோன் இப்போதைக்கு வேண்டாம். நில உரிமை பற்றி அரசு எழுத்தில் ஏதாவது தந்தால் அப்போது பார்க்கலாம். மாணவர்களின் முகம் வாடியது. ஆனால் வடிகாலின் ஆழத்தை அளக்கிற வேலை இருக்கிறது என்றதும் அவர்களில் ஒரு பெண் டேப் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டாள். அவள் தேறிவிடுவாள்.

கோப்பின் பாஸ்வேர்டு தலைவரிடம் பாதி, பொருளாளரிடம் பாதி. இது என் யோசனை இல்லை, சீட்டு நடத்துகிற அக்கா ஒருவருடையது. பென்டிரைவ் ஒன்று பொருளாளர் வீட்டு டிரங்குப் பெட்டியில், இன்னொன்று வெள்ளம் ஏறாத மாடி வீட்டில். அச்சடித்த பதிவேடும் ஒரு பிரதி.

இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் இழுத்தது வேறொன்று: குடித்தனக்காரர்களை எப்படி எண்ணுவது? கரையில் பல வீடுகளின் பின்னாலும் மாடியிலும் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் நம் ஊர்க் குடும்பங்கள் உண்டு, வேலைக்கு வந்த பீகார், அசாம் பையன்கள் உண்டு. நாளைக்கு மாற்று வீடு என்று வந்தால் கதவுக்கு ஒன்றா, அடுப்புக்கு ஒன்றா? குடித்தனக்காரருக்குத் தனி எண் கொடுத்தால் தங்கள் பங்கு போய்விடும் என்று வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். கொடுக்காவிட்டால் பத்து வருடமாக வாடகை கொடுத்து இருப்பவர் ஒரே நாளில் இல்லாதவர் ஆகிவிடுவார். கிபேராவிலும் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள்தான், அங்கேயும் இந்த முடிச்சு அவிழவில்லை. படிவத்தில் இது ஒரே ஒரு கேள்வி. வீட்டு எண் 14 என்றால், மாடிக்கு 14-ஏ போடுவதா வேண்டாமா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கை தூக்கி முடிவு செய்வது என்று கலைந்தோம். வெளியே வரும்போதுதான் கவனித்தேன், செயலாளர் அக்காவின் வீட்டுக்கும் வெளியே ஓர் இரும்பு ஏணி மாடிக்குப் போகிறது. மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது ஒரு டெலிவரி கம்பெனியின் டி-ஷர்ட். "உங்க மாடியில யாருக்கா?" என்றேன். "அது நம்ம பையன் மாதிரி தம்பி" என்றார் அக்கா.